மலையை வரைந்த செசான்

பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியிலே, மத்தியதரைக் கடலிலிருந்து சற்று உள்ளே, எக்ஸ் என்னும் பழைய நகரம் இருக்கிறது. நீரூற்றுகளுக்கும் நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பேர்போன நகரம் அது. அந்நகரத்து நூதனசாலையின் தலைவராக 1892ஆம் ஆண்டு தொடக்கம் 1925ஆம் ஆண்டு வரை இருந்தவர் பொன்தியே என்பவர். தாம் பதவியில் இருக்கும்வரை ஓர் ஓவியரின் படம் மட்டும் அக்கட்டிடத்துள் நுழையமாட்டாது என்று அவர் உறுதி கூறியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விட்டார். அந்த ஓவியர் வேற்றூரவர் அல்லர். அதே நகரிற் பிறந்தவர். அந்நூதனசாலையோடு சேர்ந்திருந்த சித்திரப் பாடசாலையிலேயே கோடு இழுக்கப் பழகியவர். அந்நகரிலேயே கண்ணை மூடியவர். இருபதாம் நூற்றாண்டின் ஓவியம் இவரிடமிருந்தே புறப்பட்டது என்று பிற்காலத்தார் ஒப்புக்கொண்ட போல் செசானே அவர்.

செசான் 1839ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் லூயி ஒகுஸ்த் தொப்பி வியாபாரத்திலே தொடங்கி, முயற்சியாலும் சிக்கனத்தாலும் பொருள் திரட்டி, 1848ஆம் ஆண்டில் ஒரு பங்காளியுடன் கூடி வங்கியொன்றை நிறுவியவர். 1859இல் நகரின் புறத்தே ஜா த பூஃபான் என்ற விசாலமான வளவையும் மாளிகையையும் வாங்கினார். பணம் வந்துவிட்டது, இனி மகன் சட்டம் படித்துக் குடும்பத்துக்கு மதிப்பும் தேடித் தரவேண்டும் என்பது அவருடைய கணக்கு. கணக்கிலே பிழைவிடாத அம்மனிதர் மகனைப் பற்றிய கணக்கில் மட்டும் பிழைவிட்டார்.

பாடசாலை நாட்களிலே செசானுக்கு ஒரு நண்பன் வாய்த்தான். தந்தையை இழந்த ஏழைப் பிள்ளை. பேச்சிலே வடபுலத்து வாடை வீசியதால் மற்றப் பிள்ளைகளின் ஏளனத்துக்கு ஆளானவன். அவனுக்காகப் பரிந்து நின்று செசான் அடிபட்டாராம். மறுநாள் அந்நண்பன் ஒரு கூடை நிறைய அப்பிள் பழங்களைக் கொண்டுவந்து கொடுத்தானாம். முதுமையிலே செசான் சொன்னதாக வழங்கும் கதை இது. பின்னாளில் நூற்றுக்கணக்கில் அப்பிள்களை வரையப்போகும் ஒருவருக்கு எவ்வளவு பொருத்தமான கதை! அந்த நண்பனே பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியரான எமில் ஸோலா.

தந்தையின் சொற்படி செசான் சட்டக் கல்லூரியிற் சேர்ந்தார். மனம் அங்கே நிற்கவில்லை. 1861இல் ஸோலாவின் தூண்டுதலால் பாரிஸ் சென்றார். சில மாதங்களிலேயே தம்மீது நம்பிக்கை இழந்து ஊர் திரும்பித் தந்தையின் வங்கியிற் கணக்கெழுத அமர்ந்தார். அதுவும் ஒட்டவில்லை. அடுத்த ஆண்டின் இறுதியில் மீண்டும் பாரிஸ். வங்கி முதலாளி தோல்வியை ஒப்புக்கொண்டு, மாதாமாதம் ஒரு சிறு தொகை அனுப்பச் சம்மதித்தார். அத்தொகை இருந்தபடியாலேதான் படம் விற்காமலே செசானால் வாழ முடிந்தது. ஆனால் அதே தொகை அவரை நாற்பது வயதுக்கு மேலும் தந்தைக்கு அஞ்சும் பிள்ளையாகவே வைத்திருந்தது.

அக்காலத்துப் பிரான்சிலே ஓவியனுக்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அரசாங்க ஆதரவில் நடைபெறும் சலோன் என்னும் பெருங்கண்காட்சியே அது. நடுவர் குழு ஏற்றுக்கொண்ட படத்துக்கு விலை உண்டு, பேர் உண்டு. தள்ளிய படத்துக்கு ஒன்றுமில்லை. செசான் ஆண்டுதோறும் படம் அனுப்பினார். ஆண்டுதோறும் அது திரும்பி வந்தது. 1866இல் அவர் வரைந்த தந்தையின் உருவப்படம் ஒன்று இப்பொழுது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உயர்ந்த முதுகுடைய நாற்காலியிலே தந்தையார் அமர்ந்து பத்திரிகை படிக்கிறார். வர்ணம் கத்தியால் அப்பப்பட்டிருக்கிறது. அவர் கையில் இருப்பது வழக்கமாக அவர் படிக்கும் பத்திரிகை அன்று. சலோன் நடுவர்களைச் சாடி ஸோலா கட்டுரை எழுதிய ‘எவெனெமான்’ பத்திரிகை. தந்தையின் தலைக்குப் பின்னாலே சுவரில் மகனின் சிறு படமொன்றும் தொங்குகிறது. வீட்டிலே வாய் திறந்து சொல்ல முடியாத வழக்கை மகன் வர்ணத்திலே வாதாடி வைத்தார் போலும்.

சலோன் ஒரேயொரு முறை, 1882இல், அவரை உள்ளே விட்டது. அதுவும் எவ்வாறு? நடுவர் ஒவ்வொருவரும் தம் மாணவர் ஒருவரின் படத்தைச் சேர்க்கலாம் என்றொரு சலுகை இருந்தது. நடுவர்களில் ஒருவரான கீயெமே என்னும் பழைய நண்பர், நாற்பத்து மூன்று வயதுச் செசானைத் தம் மாணவன் என்று பதிவுசெய்து புகுத்திவிட்டார்.

அவருக்கு உண்மையான ஆசிரியராக வாய்த்தவர் கமீல் பிஸாரோ. மேற்கிந்தியத் தீவொன்றிற் பிறந்து பிரான்சுக்கு வந்தவர், செசானிலும் ஒன்பது வயது மூத்தவர், பொறுமையே உருவானவர். 1872 தொடக்கம் 1874 வரை பாரிசுக்கு அண்மையிலுள்ள பொந்துவாஸ், ஓவேர் ஆகிய ஊர்களிலே இருவரும் வயலோரங்களில் அருகருகே நின்று வரைந்தனர். பிஸாரோவின் நிலக்காட்சி ஒன்றைச் செசான் கோட்டுக்குக் கோடு பார்த்துப் படியெடுத்தார். முன்னர் அவருடைய படங்களிலே கொலையும் கொந்தளிப்பும் கரிய வர்ணமும் நிறைந்திருந்தன. பிஸாரோ அவருக்குக் கருமையைக் கைவிடவும், மனத்திலுள்ளதை விட்டுக் கண்ணெதிரே உள்ளதைப் பார்க்கவும் கற்பித்தார். அந்த உதவியைச் செசான் மறக்கவேயில்லை. முதுமையிலே, கண்காட்சி ஒன்றுக்குத் தம் பெயரைப் பதியும்போது, பிஸாரோவின் மாணவன் என்றே குறித்தார். வேறு யாரையும் எளிதில் மெச்சாத மனிதர் அவர் என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும்.

1874ஆம் ஆண்டு, சலோனை ஒதுக்கிய சில ஓவியர் பாரிசிலே தாமாகவே ஒரு கண்காட்சி நடத்தினர். மொனே, ரெனுவார், டெகா, பிஸாரோ முதலானோர் அதிலே இருந்தனர். மனப்பதிவு ஓவியர், அதாவது இம்பிரெஷனிஸ்டுகள், என்ற பெயர் அவர்களுக்கு ஏளனமாக அங்கேதான் சூட்டப்பட்டது. அந்த ஏளனத்திலே பெரும்பங்கு செசானுக்கு விழுந்தது. 1877இல் மீண்டும் ஒருமுறை அவர்களோடு சேர்ந்து பல படங்களை வைத்தார், மீண்டும் நகைப்பு. அதன்பின் அவர் அக்குழுவின் கண்காட்சிகளிலே கலந்துகொள்ளவில்லை. நெடுங்காலம் பாரிசிலே அவருடைய படங்களைக் காண விரும்பியவர் தாங்கி என்ற வர்ணக் கடைக்காரரின் சிறு கடைக்குத்தான் போகவேண்டியிருந்தது. வர்ணத்துக்குக் காசில்லாத ஓவியரிடம் படத்தைப் பெற்றுக்கொள்ளும் நல்ல மனிதர் அவர். இளைஞர் சிலர் அங்கே போனார்கள். கோகன் தம்மிடமிருந்த செசானின் பழப் படமொன்றை உயிரெனப் போற்றினார். நோயும் வறுமையும் நெருக்கிய பின்னரே அதை விற்கச் சம்மதித்தார்.

இதற்கிடையில் அவருடைய வீட்டு வாழ்வும் ஒளிப்பும் மறைப்புமாகவே கழிந்தது. 1869இல் ஒர்தான்ஸ் ஃபிக்கே என்னும் பெண்ணைச் சந்தித்தார். 1872இல் ஒரு மகன் பிறந்தான். இந்தச் செய்தி தந்தைக்கு எட்டினால் மாதப்பணம் நின்றுவிடும் என்ற பயத்தினால் ஆண்டுக்கணக்காக இருவரையும் மறைத்து வைத்தார். 1878இல் மகனுக்கு வந்த கடிதத்தைத் தந்தை பிரித்துப் படித்துவிட்டார். சந்தேகம் உறுதியாயிற்று, பணம் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டிலே ஒர்தான்சுக்கு மாதந்தோறும் 60 பிராங்கு அனுப்பிக் காப்பாற்றியவர் ஸோலா.

அத்தகைய நட்பு முறிந்த வரலாறு துன்பமானது. 1886ஆம் ஆண்டின் வசந்தத்திலே ஸோலாவின் ‘படைப்பு’ என்னும் நாவல் வெளிவந்தது. அதன் நாயகன் க்லோத் லாந்தியே ஓர் ஓவியன். ஆற்றல் இருந்தும் எண்ணியதை முடிக்க இயலாது, ஈற்றிலே முடியாத தன் படத்தின் முன் தூக்கிட்டு இறப்பவன். அவனுடைய இளமை எக்ஸ் நகரத்து இளமை. செசான் நூலைப் பெற்றுக்கொண்டதற்கு நன்றி கூறி, மரியாதையான சிறு கடிதம் ஒன்று எழுதினார். அதுவே கடைசிக் கடிதம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆயினும் 1887ஆம் ஆண்டு நவம்பரில், அடுத்த நாவலுக்கு நன்றி கூறிச் செசான் எழுதிய மற்றொரு கடிதம் அண்மைக் காலத்தில் வெளிப்பட்டிருக்கிறது. ஒரே நாளிலே வெட்டுண்ட நட்பன்று அது. மெல்ல மெல்ல நீர் வற்றியது என்றே கொள்ளவேண்டும். அதே 1886இல் ஒர்தான்சை முறைப்படி மணந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் தந்தையும் இறந்தார். செசானுக்குப் பெருஞ்செல்வம் வந்தது. அவருடைய வாழ்க்கை முறையில் அதனால் ஒரு மாற்றமும் ஏற்படவில்லை. காலையில் எழுவார், வரையப் போவார்.

ஸோலா நாவலிலே சொன்ன குறை பொய்யான குறையன்று. செசான் பல படங்களை முடிக்கவேயில்லை. விமர்சகர் இயலாமை என்று கண்டதும் இதையே. ஆனால் ஏன் முடியவில்லை என்பதைப் பார்க்கும்பொழுதுதான் அவர் எதைத் தேடினார் என்பது விளங்கும்.

பழைய முறை ஓவியர் ஒரு பழத்தை உருண்டையாகக் காட்ட விரும்பினால், ஒரு புறத்தை வெளிச்சமாகவும் மறுபுறத்தைக் கரிய நிழலாகவும் தீட்டுவர். மொனே முதலியோர் அந்தக் கருநிழலை அகற்றினர். நிழலுக்குள்ளும் நீலமும் ஊதாவும் உண்டென்று காட்டிக் கணந்தோறும் மாறும் ஒளியைச் சிறு தீற்றல்களாற் பிடித்தனர். அவ்வொளி வெள்ளத்திலே பொருள்களின் கனமும் உறுதியும் கரைந்துபோயின. செசான் ஒளியையும் இழக்க விரும்பவில்லை. கனத்தையும் இழக்க விரும்பவில்லை. வர்ணத்தைக் கொண்டே வடிவத்தைக் கட்ட முயன்றார். செம்மையும் மஞ்சளும் கண்ணை நோக்கி முன்வருவன, நீலம் பின்வாங்குவது. ஆகவே அப்பிளின் கன்னம் நமக்கு மிக அண்மையிலே புடைத்திருக்கும் இடத்திற் சிவப்பு, அது வளைந்து விலகும்போது செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, விளிம்பருகே நீலம். ஒவ்வொரு தீற்றலும் சுவரிலே வைக்கும் கல்லைப் போன்றது. ஒரு கல்லை மாற்றினால் அயலிலுள்ள கற்களையெல்லாம் மாற்றவேண்டி வரும்.

மற்றொன்றும் உண்டு. செசானின் படங்களில் மேசையின் விளிம்பு துணிக்கு இந்தப் பக்கம் ஓர் உயரத்திலும் அந்தப் பக்கம் வேறோர் உயரத்திலும் இருக்கும். கூடை ஒரு பக்கம் சாயும். தட்டை மேலிருந்து பார்ப்போம், போத்தலைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். கோடு இழுக்கத் தெரியாதவர் என்று சிரித்தார்கள். மனிதன் புகைப்படக் கருவியைப் போல ஓரிடத்தில் அசையாது நின்று ஒற்றைக் கண்ணாற் பார்ப்பதில்லை. தலையைத் திருப்புகிறான், குனிகிறான், மீண்டும் பார்க்கிறான். அந்தப் பல பார்வைகளையும் ஒரே சீலையிலே பொருத்தினால் விளிம்புகள் இவ்வாறுதான் விலகும்.

இப்படி வரைபவருக்குக் காலம் போதாது. பழங்கள் அழுகின, பூக்கள் வாடின, கடதாசிப் பூக்களை வைத்து வரைந்தார். மனைவியை ஏறத்தாழ முப்பது முறை எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார்; அப்படங்களிலே அவர் ஒருமுறையேனும் சிரிக்காததில் வியப்பில்லை. ஜா த பூஃபான் வளவின் கூலியாட்களைச் சீட்டாடுவோராக அமர்த்தி ஐந்து படங்கள் தீட்டினார். அவற்றில் ஒன்று இந்த நூற்றாண்டில் கட்டார் நாட்டு அரச குடும்பத்துக்கு 25 கோடி டொலருக்கு மேற்பட்ட விலையில் விற்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

வொல்லார் என்னும் இளம் கலை வணிகர் 1895இல் பாரிசிலே செசானின் முதலாவது தனிக் கண்காட்சியை நடத்தினார். அப்போது செசானுக்கு வயது 56. இருபது ஆண்டுகளாகக் கண்ணிற் படாதிருந்த ஓவியர் திடீரென்று 150 அளவிலான படங்களோடு வெளிப்பட்டார். பொதுமக்கள் வழமைபோல் முகஞ்சுளித்தனர். மொனேயும் டெகாவும் ரெனுவாரும் விலைகொடுத்து வாங்கினர். அதே வொல்லார் 1899இல் தம் உருவத்தை எழுதுவித்தபோது 115 முறை அமர்ந்தாராம். சற்றே தூங்கி விழுந்தபோது, அப்பிள் அசையுமா என்று செசான் சீறினாராம். முடிவிலே, சட்டையின் முன்பகுதி பரவாயில்லை என்றார் ஓவியர். கையிலே சீலை தெரியும்படி இரண்டு சிறு வெற்றிடங்கள் இருந்தன. அவற்றைப் பற்றிக் கேட்டபொழுது, பொருந்தாத வர்ணம் ஒன்றை அங்கே வைத்துவிட்டால் முழுப்படத்தையும் அவ்விடத்திலிருந்து திருப்பி எழுதவேண்டும் என்றார். வொல்லார் கதைக்குச் சுவையூட்டத் தெரிந்தவர்தான். ஆனால் படத்திலே அந்த வெற்றிடங்கள் இருக்கவே செய்கின்றன.

எக்ஸ் நகருக்குக் கிழக்கே சான்த் விக்துவார் என்ற சுண்ணாம்புக்கல் மலை நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 1000 மீற்றர். பெரிய மலையன்று. ஆனால் தட்டையான வெளியிலிருந்து திடீரென எழுவதால் கண்ணை விட்டு அகலாது. சிறுவயதிலே ஸோலாவுடன் அலைந்து திரிந்த மலை. அதைச் செசான் எண்ணெய் வர்ணத்தில் முப்பதுக்கு மேற்பட்ட முறையும், நீர்வர்ணத்திற் பலமுறையும் எழுதினார். தாயார் மறைந்தபின் 1899இல் தந்தையின் வளவு விற்கப்பட்டது. லோவ் என்ற குன்றுச் சரிவிலே நிலம் வாங்கி, 1902இல் ஓர் ஓவியக்கூடம் கட்டி முடித்தார். அங்கிருந்து மேலே ஏறினால் மலை முழுமையாகத் தெரியும். அந்த இறுதிப் படங்களிலே மரமும் வீடும் வயலும் வர்ணத் துண்டுகளாகின்றன. வானத்தின் பச்சை நிலத்துக்கும், நிலத்தின் நீலம் வானத்துக்கும் போகின்றன. ஆயினும் மலை அசைக்க முடியாதபடி நிற்கிறது.

ஊர் அவரை விட்டுவைக்கவில்லை. 1902இல் ஸோலா இறந்த செய்தி கேட்டுச் செசான் தனியறையில் அழுதாரென்பர். மறுஆண்டு ஸோலாவின் உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது அவற்றுள் செசானின் இளமைக்காலப் படங்களும் இருந்தன. ஸோலாவை வெறுத்த ரோஷ்ஃபோர் என்னும் பத்திரிகையாளர் அவற்றைக் கேவலப்படுத்தி எழுதினார். அப்பத்திரிகையின் பிரதிகள் எக்ஸ் நகரிலே பரப்பப்பட்டன. செசானின் கதவுக்கு அடியிலும் செருகப்பட்டன.

1906 ஒக்டோபர் 15ஆம் நாள் வெளியில் நின்று வரைந்துகொண்டிருந்தபோது பெருமழை பிடித்தது. நனைந்து மயங்கிக் கிடந்தவரைச் சலவை வண்டியொன்றில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தனர். மறுநாட் காலையே எழுந்து தோட்டக்காரர் வல்லியேயின் படத்தைத் தொடரப் போனார். மீண்டும் தளர்ந்து திரும்பினார். 17ஆம் நாள், படுக்கையில் இருந்துகொண்டு, வர்ணக் கடைக்கு ஒரு கடிதம் எழுதினார். கேட்டு எட்டு நாளாகியும் சிவப்பு வர்ணக் குழாய்கள் பத்தும் ஏன் வந்து சேரவில்லை என்ற கண்டனக் கடிதம் அது. அந்த வாரத்திலேயே உயிர் பிரிந்தது.

அடுத்த ஆண்டு பாரிசில் இலையுதிர்காலச் சலோன் அவருடைய 56 ஓவியங்களை ஒருங்கே காட்டிற்று. ஜெர்மானியக் கவிஞர் ரில்கே மீண்டும் மீண்டும் சென்று பார்த்து, தம் மனைவிக்கு அவற்றைப் பற்றியே கடிதங்கள் எழுதினார். பிக்காசோவும் பிராக்கும் பார்த்தனர். ஒரு பொருளைப் பல கோணங்களில் உடைத்துக் காட்டும் கியூபிசம் அதன்பின் பிறந்தது. மத்தீஸ் இவர்களுக்கு முன்பே கண்டுகொண்டவர். 1899இல், வறுமையின் மத்தியிலே, நீராடும் மூன்று பெண்களின் சிறு படமொன்றை வொல்லாரிடம் வாங்கினார். 37 ஆண்டுகள் வைத்திருந்து, 1936இல் பாரிஸ் நகருக்கு நன்கொடையாகக் கொடுத்தார்.

செசான், கோகன், வான் கோ முதலியோரைச் சேர்த்து மனப்பதிவுக்குப் பின்வந்தோர் என்று அழைக்கும் வழக்கம் 1910இல் தொடங்கியது. இலண்டனிலே கிறாப்டன் கலைக்கூடத்தில் ரோஜர் ஃபிரை நடத்திய கண்காட்சிக்கு அவர் அவசரமாக இட்ட பெயர் அது. இறந்து நான்கு ஆண்டுகளின் பின் வந்த அப்பெயரைச் செசான் அறியார். 1912இல் அங்கே நடந்த இரண்டாவது கண்காட்சிக்குச் செயலாளராக அமர்ந்தவர் லெனாட் வூல்ஃப். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து, 1905 தொடக்கம் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியிலும், பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றிய அதே வூல்ஃப்தான். படங்களைப் பார்க்க வந்த இலண்டன் சீமான்களும் சீமாட்டிகளும் பத்துக்கு ஒன்பது பேர் உரக்கச் சிரித்தார்கள் அல்லது கோபித்தார்கள் என்று அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தக் கனவான்களிலும் பார்க்கத் தம் கச்சேரி விறாந்தையிலே வந்து கூடிய தமிழ், சிங்களக் கிராமத்தவர் எவ்வளவோ பண்புடையோர் என்று அங்கிருந்தபடியே நினைத்துக்கொள்வாராம்.

1918இல், முதலாம் உலகப் போரின் நடுவே, காலஞ்சென்ற டெகாவின் சேகரிப்புப் பாரிசிலே ஏலத்துக்கு வந்தது. பிரித்தானியத் தேசியக் கலைக்கூடத்துக்காகப் படங்கள் வாங்கப் பொருளியலறிஞர் கெயின்ஸ் திறைசேரியில் பணம் பெற்றுக்கொடுத்தார். கலைக்கூடத் தலைவரோ செசானைத் தொட மறுத்துவிட்டார். ஆதலால் ஏழு அப்பிள்கள் உள்ள சிறு படமொன்றைக் கெயின்ஸ் தம் சொந்தப் பணத்திலே வாங்கினார். நாட்டுப்புறத்தில் இருந்த நண்பர் வீட்டுக்கு வந்தபோது பெட்டியெல்லாவற்றையும் சுமக்க முடியாமல் அப்படத்தைத் தெருவோர வேலியிலே வைத்துவிட்டு வந்து, வேலியிற் செசான் இருக்கிறது என்று அறிவித்தார்.

பிக்காசோ 1958இல் சான்த் விக்துவார் மலையடிவாரத்திலே வோவெனார்க் கோட்டையை விலைக்கு வாங்கினார். 1973இல் அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டார். லோவ் குன்றிலுள்ள ஓவியக்கூடம் அழியாமற் பிழைத்ததும் வெளியாராலேயே. அமெரிக்க அன்பர்கள் பணம் திரட்டி அதை வாங்கிக் கொடுக்க, 1954இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. எக்ஸ் நூதனசாலையிலோ செசானின் எண்ணெய் வர்ண ஓவியங்கள் 1984ஆம் ஆண்டிலேதான் குடியேறின. பிரெஞ்சு அரசாங்கம் பாரிசிலிருந்து எட்டுச் சிறு படங்களைக் கொண்டுவந்து அங்கே வைப்பித்தது. 2025இல் அந்நகரம் அந்த ஆண்டு முழுவதையும் செசானுக்கென்று ஒதுக்கியது. தந்தையின் மாளிகையைத் திருத்தித் திறந்தது. பொன்தியே காத்து நின்ற அதே நூதனசாலையிலே, உலகின் பல நாடுகளிலிருந்தும் இரவல் வாங்கிய நூற்றுக்கு மேற்பட்ட படங்களைச் சுவரில் மாட்டியது.